பஸ் ஓடாத நாளில் லண்டன்

கட்டடக்கலைப் படிப்பின் நடுவே ஆறு மாதப் பயிற்சிக்காக லண்டன் போயிருந்தேன். பத்துப் பேர் உள்ள சின்ன அலுவலகம். அட்டையை வெட்டி ஒட்டிக் கட்டட மாதிரிகள் செய்வதுதான் என் வேலை. தங்கியது கேம்பர்வெல்லில், ஒரு பழைய வீட்டின் மாடி அறை. அந்த டிசம்பரைப் பற்றி எழுதவேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அங்கே டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். முதல் வாரம் அது என்னை ரொம்பவே சோர வைத்தது. அப்புறம் ஒரு நாள் 12ஆம் எண் பஸ்ஸின் மாடியில், முன் இருக்கையில் உட்கார்ந்து ரீஜென்ட் தெருவுக்குப் போனேன். தெருவுக்கு மேலே கிறிஸ்துமஸுக்காக விளக்குகளால் ஆன தேவதைகள் சிறகு விரித்து நிற்கின்றன. தெரு வளைய வளைய அந்த வரிசையும் வளைகிறது. பஸ் நகர்ந்தபோது ஒவ்வொரு தேவதையும் தலைக்கு மேலே வந்து போனது. சீக்கிரம் இருட்டுவதால் மாலை நாலரைக்கே இதைப் பார்த்துவிடலாம், பஸ் டிக்கெட்டைத் தவிர செலவும் இல்லை. பயிற்சிச் சம்பளத்தில் மாதத்தை ஓட்டுகிறவருக்கு அது பெரிய விஷயம்.

டிரஃபால்கர் சதுக்கத்துக் கிறிஸ்துமஸ் மரத்தை முதலில் பார்த்தபோது எனக்கு ஏமாற்றம்தான். 20 மீட்டருக்கு மேல் உயரம், ஆனால் மேலிருந்து கீழாகத் தொங்கும் வெள்ளை விளக்குச் சரங்களைத் தவிர வேறு அலங்காரமே இல்லை. நார்வேக்காரர்கள் அப்படித்தான் கட்டுவார்களாம். அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர் விவரம் சொன்னார். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனி நார்வேயைப் பிடித்தபோது அந்நாட்டு அரசர் லண்டனில்தான் தஞ்சம் புகுந்திருந்தார். அந்த உதவிக்கு நன்றியாக ஆஸ்லோ நகரம் 1947 முதல் வருடா வருடம் ஒரு மரத்தை வெட்டிக் கப்பலில் அனுப்புகிறது. அதைக் கேட்ட பிறகு மறுபடி போய்ப் பார்த்தேன். அடியில் சின்னப் பிள்ளைகள் நின்று கரோல் பாடிக்கொண்டிருந்தார்கள், பக்கத்தில் நன்கொடை உண்டியல். கை விறைக்கும்வரை நின்று கேட்டேன்.

25ஆம் தேதிதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. அன்று லண்டனில் பஸ், ரயில், டியூப் என்கிற சுரங்க ரயில் எதுவும் ஓடாது. நம் ஊரில் தீபாவளியன்றுகூட பஸ் உண்டே! முதல் நாள் மாலை கீழ்வீட்டு ஆன்ட்டி, "நாளைக்குச் சாப்பாடு எங்கே?" என்று கேட்டார். நூடுல்ஸ் இருக்கிறது என்றேன். "மூணு மணிக்குக் கீழே வந்துடு" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். ஜமைக்காவில் பிறந்தவர், இங்கே வந்து நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

காலையில் அந்த 12ஆம் எண் பஸ் போகும் வழியிலேயே நடந்தேன். வால்வொர்த் சாலையில் எல்லாக் கடைகளும் மூடியிருந்தன. வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் நின்றபோது தேம்ஸ் கரையில் மோதும் சத்தம் கேட்டது. அத்தனை மாதம் அதே பாலத்தில் போய்வந்தும் அதை நான் கேட்டதே இல்லை. எதிரே வந்த முன்பின் தெரியாதவர்கள் 'ஹேப்பி கிறிஸ்துமஸ்' சொன்னார்கள். மற்ற நாட்களில் யாரும் முகத்தைப் பார்ப்பதுகூட இல்லை.

திரும்பி வந்து ஆன்ட்டி வீட்டுக் கதவைத் திறந்ததும் தேங்காய்ப்பால் வாசம். முதலில் சிவப்பாக ஒரு பானம் கொடுத்தார், சோரல் என்று பெயர். இஞ்சி, கிராம்பு எல்லாம் போட்டிருந்தது, குடித்தால் ஒரு புளிப்பு. காய்ந்த இதழ்களை எடுத்துக் காட்டினார். நம் புளிச்சக்கீரைச் செடியின் பூவுக்கு அடியில் இருக்கும் அதே சிவப்பு இதழ்கள்! ரம் சேர்ப்பது வழக்கம், எனக்காகச் சேர்க்கவில்லை என்றார்.

சோறு வந்தது. தேங்காய்ப்பாலில் வெந்தது, நடுநடுவே பழுப்பாகப் பருப்பு மணிகள். "கங்கோ பீஸ், இது இல்லாமல் எங்களுக்குக் கிறிஸ்துமஸ் கிடையாது" என்றார். ஒரு மணியை எடுத்துக் கடித்தேன். தர்மபுரிப் பக்கம் எங்கள் வீட்டில் அவித்துத் தின்னும் துவரை.

உடனே அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். ஊரில் அப்போது ராத்திரி எட்டரை தாண்டியிருக்கும். தட்டைக் காட்டியதும் அம்மா, "துவரங்கா தானே அது? யாரு சமைச்சா?" என்றார். ஆன்ட்டி என்னிடமிருந்து போனை வாங்கி, ஊறவைத்த பாக்கிப் பருப்பைக் கிண்ணத்தோடு தூக்கிக் காட்டினார். அவர் ஆங்கிலத்தில் கேட்க, அம்மா தமிழில் பதில் சொல்ல, இருவரும் பத்து நிமிடம் பேசினார்கள். நடுவில் ஒரு தடவை, "தேங்கா எங்க வாங்குறாங்கன்னு கேளு" என்று அம்மா என்னைக் கூப்பிட்டார்.