நுரையீரல்ல "ஸ்மூத் மசில்" கட்டியாம், பயாப்ஸி ரிப்போர்ட் புரியல, யாராவது சொல்லுங்க

தேனிப்பொண்ணு:
அம்மாவுக்கு 54 வயசு. குடலிறக்க ஆபரேஷனுக்காக நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தப்ப ரெண்டு பக்கமும் உருண்டை உருண்டையா தெரியுதுன்னு சொல்லி சிடி எடுத்தாங்க, ஒம்போது கட்டி இருக்கு, பெருசு 2.3 செ.மீ. இருமல் இல்ல, மூச்சு வாங்கல, எடை கொறையல, அவங்க பாட்டுக்கு வீட்டு வேலை பாத்துட்டு இருந்தவங்க. மொதல்ல டிபின்னு சந்தேகப்பட்டு டெஸ்ட் எல்லாம் பாத்துட்டு அதுல ஒண்ணும் இல்லன்னதும் ஊசி விட்டு பயாப்ஸி எடுத்தாங்க. ரிப்போர்ட்ல "ஸ்பிண்டில் செல் கட்டி, ஸ்மூத் மசில் வகை"ன்னு மட்டும் இருக்கு. ஒரு டாக்டர் எங்கருந்தோ பரவின கேன்சர்ங்கறார், இன்னொருத்தர் கேன்சர் மாதிரி தெரியலங்கறார். 2011ல ஃபைப்ராய்டுக்காக அம்மாவுக்கு கர்ப்பப்பைய எடுத்தாங்க, அத நாங்க யார்கிட்டயும் சொல்லல, நுரையீரலுக்கும் அதுக்கும் என்னன்னு விட்டுட்டோம். சம்பந்தம் இருக்குமா?

முத்து_கோவை:
பயப்படாதீங்க சகோ. டிபியாவே இருக்கும், வேற லேப்ல ஒருதடவ பாருங்க.

மைக்ராஸ்கோப்_மாமா (பெத்தாலஜி படிக்கிறேன்):
முத்து அண்ணே, பயாப்ஸில ஸ்மூத் மசில்னு, அதாவது கர்ப்பப்பை, குடல் சுவர்ல இருக்கற மாதிரி தசைன்னு வந்தப்புறம் டிபி பக்கம் போக வேணாம். சகோதரி, நீங்க கடைசில எழுதின அந்த 2011 விஷயம்தான் மொதல்ல சொல்லியிருக்க வேண்டியது. பினைன் மெட்டாஸ்டசைசிங் லியோமயோமான்னு ஒண்ணு இருக்கு, லியோமயோமான்னா ஸ்மூத் மசில் கட்டி, ஃபைப்ராய்டும் அதுதான், 1939ல ஸ்டெய்னர்ங்கறவர் எழுதினது, பேரே கோளாறான பேரு, சாதாக் கட்டிங்கறாங்க ஆனா பரவுதுங்கறாங்க. ஃபைப்ராய்டு ஆபரேஷன் ஆகி பல வருஷம் கழிச்சு, எந்தத் தொந்தரவும் இல்லாம, வேற எதுக்கோ எடுத்த எக்ஸ்ரேல ரெண்டு நுரையீரல்லயும் உருண்டையா மாட்டும். உங்க அம்மா கதை அப்படியே பொருந்துது. ஆனா கதை பொருந்துறத வெச்சு மட்டும் முடிவு பண்ண முடியாது, ஏன்னா கர்ப்பப்பைல வர்ற லியோமயோசார்கோமா, அதாவது நிஜமான கேன்சர், அதுவும் நுரையீரலுக்குத்தான் அதிகம் போகும்.

ரெண்டையும் பிரிக்கிறது எப்படின்னா, செல் எவ்வளவு வேகமா பிரியுது, உருவம் கோணல்மாணலா இருக்கா, நடுவுல செத்துப்போன திசு இருக்கா, இந்த மூணத்தான் பாப்போம். ஊசில வர்ற நூல் மாதிரி துணுக்குல இதெல்லாம் தப்பிப் போகலாம், அதான் உங்க ரிப்போர்ட் மொட்டையா இருக்கு, பெத்தாலஜிஸ்ட் மேல தப்பு இல்ல. அடுத்து ஸ்டெயின், அதாவது செல்லுல எந்தப் புரதம் இருக்குன்னு சாயம் போட்டுப் பாக்குறது. டெஸ்மின், எஸ்எம்ஏங்கற தசைப் புரதம் ரெண்டும் பாசிட்டிவ்னா தசைக் கட்டின்னு உறுதி. ஈஆர், பிஆர், அதாவது பெண் ஹார்மோன் ஏற்பிங்க, பாசிட்டிவ்னா கர்ப்பப்பைலருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம், ஆனா அதுக்காக கேன்சர் இல்லன்னு அர்த்தம் கிடையாது, சார்கோமாலயும் பாசிட்டிவ் வரும், இங்கதான் நெறைய பேரு ஏமாறாங்க. செல் பிரியுற வேகத்தக் காட்டுற கேஐ-67 கம்மியா இருந்தா நல்லது. ஹெச்எம்பி45ங்கற ஸ்டெயினும் கேளுங்க, அது பாசிட்டிவ்னா எல்ஏஎம்ங்கற வேற நுரையீரல் நோய், ஆனா அதுல சிடில கட்டிய விட நீர்ப்பை மாதிரி ஓட்டைங்கதான் நெறைய தெரியும். கிட்னி மாத்தினவங்க, ஹெச்ஐவி இருக்கறவங்களுக்கு ஈபிவி வைரஸால வர்ற தசைக் கட்டியும் உண்டு, அம்மாவுக்கு அது பொருந்தாதுன்னு நெனைக்கிறேன்.

இது எல்லாத்தையும் விட முக்கியம், 2011 கர்ப்பப்பையோட ஸ்லைடு, அதாவது மைக்ராஸ்கோப்ல பாக்க கண்ணாடில ஒட்டி வெச்ச திசு. அத பக்கத்துல வெச்சுப் பாக்காம "சாதாக் கட்டி"ன்னு நான் கையெழுத்துப் போட மாட்டேன். அன்னைக்கு ஃபைப்ராய்டுன்னு எழுதினது நிஜமாவே ஃபைப்ராய்டுதானான்னு திரும்பப் பாக்கணும்.

வேலூர்_ராணி:
எங்க சித்திக்கு இதேதான். ஊசி பயாப்ஸில தெளிவா வரலன்னு கீஹோல் ஆபரேஷன்ல ஒரு கட்டிய முழுசா எடுத்தாங்க, அப்புறந்தான் பேரே சொன்னாங்க. பழைய ஆஸ்பத்திரில, திசுவ மெழுகுல பதிச்சு வெச்ச பிளாக்கு இல்லவே இல்லன்னு ரெண்டு தடவ திருப்பி அனுப்பினாங்க, மூணாவது தடவ பழைய திசுப் பரிசோதனை ரிப்போர்ட்டோட ஹெச்பிஇ நம்பர எழுதிட்டுப் போனதும் எடுத்துக் குடுத்தாங்க. இந்தக் கட்டி ஹார்மோன்ல வளர்றதாம், சித்திக்கு முட்டைப்பைய எடுக்காம விட்டிருந்தாங்க, அதனால ஹார்மோன கொறைக்கற லெட்ரோசோல் மாத்திரை குடுத்தாங்க. இப்ப சிடி மட்டும் அப்பப்ப எடுக்கறோம். கீமோ எதுவும் இல்ல. உங்க அம்மாவுக்கு முட்டைப்பை இருக்கா எடுத்தாச்சான்னு டிஸ்சார்ஜ் சம்மரில பாருங்க, டாக்டர் கண்டிப்பா கேப்பார்.

தேனிப்பொண்ணு:
பீரோவ தலகீழா கொட்டி எடுத்துட்டேன். முட்டைப்பை ரெண்டையும் விட்டிருக்காங்க. ஹெச்பிஇ நம்பரும் இருக்கு. திங்கக்கெழம போய் ஸ்லைடு கேக்கறேன்.

மைக்ராஸ்கோப்_மாமா:
ஸ்லைடோட மெழுகு பிளாக்கும் சேத்துக் கேளுங்க. ஸ்லைடு சாயம் மங்கியிருக்கலாம், பிளாக்கு இருந்தா புதுசா வெட்டி ஸ்டெயின் போட்டுக்கலாம். லெட்டர் எழுதிக் கையோட கொண்டு போங்க, வாயால கேட்டா தர மாட்டாங்க.