ஊரில் இருக்கும் பெற்றோருக்கு இதயம் நின்றுபோனால்

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

நம்மில் பெரும்பாலோரின் வீடுகளில் இன்று வயதான தாய் தந்தையரும், பகலில் வந்து போகும் உதவியாளர் ஒருவருமே இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் திடீரெனச் சுருண்டு விழுந்தால், மற்றவர் பதறிப்போய் முதலில் அழைப்பது துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் பிள்ளையைத்தான். அந்த அழைப்பை இரண்டாவதாக வைத்துக்கொள்ளும்படி வீட்டில் இன்றே சொல்லுங்கள். இதயம் நின்றபின் மார்பை அழுத்தாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை ஏறத்தாழ 7 முதல் 10 விழுக்காடு குறைக்கிறது. நாம் இங்கிருந்து 108 என்று அழுத்தினால் அது நம் ஊர் ஆம்புலன்ஸுக்குப் போய்ச் சேராது.

தோளைத் தட்டி உரக்கக் கூப்பிட்டும் அசைவில்லை, மூச்சும் இயல்பாக இல்லை என்றால், இதயம் நின்றுவிட்டதாகவே கொள்ள வேண்டும். நின்ற பிறகும் சிலருக்குச் சிறிது நேரம் குறட்டை போன்ற திணறல் விட்டு விட்டு வருவதுண்டு. அதை மூச்சென்று நம்பி, முகத்தில் தண்ணீர் தெளிப்பதிலும் உள்ளங்காலைத் தேய்ப்பதிலும் பொன்னான நேரத்தைப் போக்கிவிடுகிறார்கள். வாயில் சோடாவோ தண்ணீரோ ஊற்றவே கூடாது.

108ஐ அழைத்து, கைபேசியை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, விழுந்தவரைத் தரையில் மல்லாக்கக் கிடத்தி (கயிற்றுக் கட்டிலில் வைத்து அழுத்தினால் கட்டில்தான் அமிழும்), நெஞ்சின் நடு எலும்பில் கீழ்ப்பாதியின் மேல் ஓர் உள்ளங்கையின் அடிப்பகுதியைப் பதித்து, மறு கையை அதன்மேல் கோத்து, முழங்கை மடங்காமல், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு அழுத்த வேண்டும். ஒவ்வொரு முறையும் மார்பு முழுதாக மேலெழ விட வேண்டும். பயிற்சி இல்லாதவர் வாயில் ஊத வேண்டியதில்லை. விலா எலும்பு முறியக்கூடும் என்று அஞ்சி நிறுத்தக் கூடாது. முறிந்த எலும்பு பிறகு கூடிவிடும்.

எழுபது வயதுத் தாயால் இதைத் தனியே தொடர இயலாது என்பதே என் பெருங்கவலை. 2 நிமிடத்துக்கு ஒருமுறை கை மாற்ற ஆள் வேண்டும். ஆகவே, கூப்பிடு தூரத்தில் இருக்கும் இளைஞர்கள் சிலரிடம் சொல்லிவிட்டு, அவர்களின் எண்களைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

பொங்கலுக்கு ஊர் செல்வோர் சேர்ந்து, மருத்துவர் ஒருவரை அழைத்து, நம் பள்ளியில் பொம்மையை வைத்து ஒரு நாள் பயிற்சி நடத்தலாம் என்றும், செலவைச் சங்க நிதியிலிருந்து ஏற்கலாம் என்றும் முன்மொழிகிறேன். இசைவுடையோர் தங்கள் பயண நாள்களைக் குறிப்பிட்டு மறுமொழி எழுத வேண்டுகிறேன்.