மார்பு அறுவை சிகிச்சை: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

அக்கா, அண்ணன், தோழர்கள் எல்லோருக்கும் வணக்கம். தண்டையார்பேட்டையில் இருக்கிறேன், வயது 24. நான் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. அம்மாவுக்கே புரியவைத்துவிட்டேன், டாக்டருக்குத்தான் முடியவில்லை. போன மாதம் பார்த்த தனியார் டாக்டர், "முழுசா ஆணா மாறுறதா இருந்தா வா" என்று அனுப்பிவிட்டார். திருநர் மருத்துவத்துக்கான உலக அமைப்பான டபிள்யூபாத் (WPATH) 2022இல் வெளியிட்ட 8ஆம் பதிப்பு வழிகாட்டியில் எங்களைப் போன்றவர்களுக்குத் தனி அத்தியாயமே இருக்கிறது!

எனக்கு வேண்டியது மார்பு நீக்கும் சிகிச்சை மட்டும். டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) ஊசி இப்போதைக்கு வேண்டாம். குரல் ஒருமுறை தடித்தால், ஊசியை நிறுத்தினாலும் பழையபடி ஆகாது. கானா பாடுகிற தொண்டை இது.

ஊசி போடாமலே இந்தச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் இங்கே இருக்கிறீர்களா? அரசு மருத்துவமனையிலா, வெளியிலா? மனநல மருத்துவரின் சான்றுக்கு எத்தனை முறை அலைந்தீர்கள்? அப்புறம், எத்தனை நாள் கழித்து வேலைக்குப் போனீர்கள்? காசிமேட்டில் மீன் பெட்டி தூக்குகிறேன், அதனால்தான் கேட்கிறேன். இன்பாக்ஸிலும் சொல்லலாம்.