வெள்ளியங்கிரி ஐந்தாம் மலையில் மச்சானை விட்டுவிட்டுப் போன இரவு

போன வருடம் பங்குனியில், பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்பு, எட்டுப் பேர் கோவைப் பக்கத்து வெள்ளியங்கிரி மலை ஏறினோம். பௌர்ணமியன்று போனால் கூட்டத்தில் கால் வைக்க இடம் இருக்காது, இரண்டு நாள் முந்தினால் நிலா வெளிச்சமும் கிடைக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் கிளம்பினோம். எட்டுப் பேரில் மூத்தவர் என் அக்கா வீட்டுக்காரர். நாற்பத்தாறு வயது, அவருக்கு அதுதான் முதல் தடவை. நான் அதற்கு முன் நான்கு முறை ஏறியிருக்கிறேன்.

அடிவாரத்துப் பூண்டி கோயிலில் சாமி கும்பிட்டு, ஆளுக்கொரு மூங்கில் குச்சி வாங்கிக்கொண்டு, வனத்துறையினர் பையைச் சோதித்து அனுப்பியபோது இரவு ஒன்பது மணி. போக சுமார் 6 கிலோமீட்டர்தான். ஆனால் அந்தத் தூரத்துக்குள் ஏழு மலை இருக்கிறது. முதல் மலை முழுக்கக் கல்படி. ஒரு படி முழங்கால் உயரம், அடுத்தது அரை அடி என்று ஒழுங்கே இல்லாமல் இருப்பதால் மூச்சைச் சீராக வைத்துக்கொள்ளவே முடியாது. பாதிப் பேர் திரும்பிப் போகலாமா என்று யோசிப்பதும் இங்கேதான். வெள்ளைப் பிள்ளையார் கோயில் வந்ததும் சுக்குக் காபி குடித்தோம். மச்சானின் சட்டை பிழிகிற அளவுக்கு நனைந்திருந்தது. நான் கவனித்தேன், ஒன்றும் சொல்லவில்லை.

வழுக்குப் பாறையில் படி செதுக்கியிருக்கிறார்கள், குச்சியை ஊன்றி மெதுவாகக் கடந்துவிட்டோம். கைதட்டி சுனையில் தண்ணீர் பிடித்துக்கொண்டோம். அதன் பிறகு நான்காவது மலை கொஞ்சம் இலகுவானது. இளவட்டங்கள் நான்கு பேர் வேகம் பிடித்து முன்னால் போய்விட்டார்கள். டார்ச் வெளிச்சம்கூடக் கண்ணில் படவில்லை.

ஐந்தாவது மலையில், பீமன் களியுருண்டை என்கிற பாறைப் பக்கம் மச்சானுக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. நீவி விட்டோம், உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு கொடுத்தோம். பத்தடி நடந்தார், மறுபடி இழுத்தது. மணி இரண்டு. அவரேதான் சொன்னார்: "மாப்ள, நீங்க போயிட்டு வாங்க. நான் இங்கயே ஒக்காந்துக்கறன். ஆளுங்க போய்ட்டு வந்துட்டுத்தான இருக்கறாங்க."

எனக்குச் சூரிய உதயத்துக்கு முன் மேலே இருக்க வேண்டும். சரி என்று சொல்லிவிட்டுப் போனேன்.

அந்த இடத்தைத் தெரிந்தவர்களுக்கு நான் செய்த தப்பு புரியும். கீழே மூன்று மலைக்கு மரங்கள் காற்றைத் தடுக்கும். ஐந்தாவது மலையில் புல்வெளிதான், காற்று நேராக அடிக்கும். ஏறுகிற வரைக்கும் உடம்புச் சூடு தாங்கும். ஈரச் சட்டையோடு உட்கார்ந்துவிட்டால் அந்தச் சூடு வேகமாகப் போய்விடும். என் பையில் மாற்றுச் சட்டை இருந்தது, ஸ்வெட்டர் இருந்தது. இரண்டையும் மேலே தேவைப்படும் என்று நானே எடுத்துக்கொண்டு போனேன்.

ஆறாவது மலையில் இறங்கி, ஆண்டி சுனையில் குளித்து, ஏழாவது மலைச் செங்குத்தைக் கையும் காலுமாக ஏறி, பெரும்பாறைகளுக்கு நடுவே இருக்கிற சுயம்பு லிங்கத்தைத் தரிசித்தோம். கிழக்கே மேகத்துக்கு மேல் சூரியன் வந்தது. மற்றவர்கள் 'சிவ சிவா' என்று கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன், ஆனால் குளிர் எலும்பைக் குடையக் குடைய மச்சான் நினைப்புதான் வந்தது. உடனே இறங்கிவிட்டேன்.

களியுருண்டைப் பக்கம் வந்தால் அவர் இல்லை. போனில் சிக்னல் இல்லை. அங்கும் இங்கும் ஓடிக் கத்தினேன். ஒவ்வொரு வருடமும் இந்த மலையில் மாரடைப்பிலும் மூச்சுத்திணறலிலும் ஆட்கள் இறந்த செய்தி வருகிறது. அக்காவிடம் என்ன சொல்வேன் என்பதைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை. அப்போதுதான் பாதையோரம் ஒரு குச்சி நட்டு வைத்திருப்பதைப் பார்த்தேன். அதில் மச்சானின் காவித் துண்டு கட்டியிருந்தது. ஏறி வந்த ஒருவர் என் பதற்றத்தைப் பார்த்து, "அந்தத் துண்டுக்காரருங்களா? பெரியவங்க ரெண்டு பேரு கைத்தாங்கலாக் கீழ கூட்டிட்டுப் போறாங்க, பயப்படாதீங்க" என்றார்.

இறக்கத்தில் முழங்கால் விடுகிற வேதனையை அன்று நான் உணரவே இல்லை. மதியம் பூண்டிக்கு வந்தபோது மச்சான் கோயில் பக்கம் நிழலில் ஒரு பழைய கம்பளியைப் போர்த்திப் படுத்திருந்தார். எழுப்பினேன். கோபமே படவில்லை, "சாமி பாத்தீங்களா?" என்றுதான் கேட்டார்.

நாங்கள் போன அரை மணி நேரத்தில் அவருக்குப் பல் கிட்டிப் போகிற அளவு நடுக்கம் வந்திருக்கிறது. பேச்சுக் குழறியிருக்கிறது. மேலே போய்க்கொண்டிருந்த இரண்டு பெரியவர்கள் நின்று, ஈரச் சட்டையைக் கழற்றித் தங்கள் வேட்டியைச் சுற்றி, கம்பளி போர்த்தி, நடுவில் உட்காரவைத்து இரு பக்கமும் ஒட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். விடிந்ததும், நாங்கள் தேடுவோம் என்று துண்டைக் கட்டி வைத்துவிட்டு, படி படியாகக் கீழே இறக்கியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் பதினாறு வருடமாக விடாமல் ஏறுகிறவராம். அந்த வருடம் ஐந்தாம் மலையோடு திரும்பிவிட்டார்.

"திரும்ப ஏறலீங்களான்னு கேட்டேன் மாப்ள. முட்டி ஒத்துக்காது, அடுத்த வருசம் பாத்துக்கலாம்னு சொல்லிட்டாரு" என்றார் மச்சான். ஊர் பவானிப் பக்கம் என்பது மட்டும் தெரியும். பெயர் கேட்டு வைக்கவில்லை. கம்பளியையும் திருப்பி வாங்காமல் பஸ் ஏறிவிட்டார்கள்.

இந்த வருடம் மாசியில் மறுபடி போகிறோம். மச்சான்தான் முன்னால் நடப்பார், அவர் நிற்கிற இடத்தில் எட்டுப் பேரும் நிற்பதென்று பேசிக்கொண்டோம். கம்பளியைத் துவைத்து என் பையில் வைத்திருக்கிறேன்.