ஜப்பானில் பயந்தது ஒன்று, படுத்தியது வேறு: உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்

ஊர்சுற்றி:

மார்ச் கடைசியில் அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு பத்து நாள் ஜப்பான் போய்வந்தேன். டோக்கியோ, கியோத்தோ, ஒசாகா. மொழி தெரியாதே, ரயில் மாறி ஏறிவிடுவோமே என்று கிளம்பும் முன் ஒரு மாதம் தூக்கமில்லை. கடைசியில் அந்த இரண்டிலும் ஒரு சிக்கலும் வரவில்லை. நிலையப் பலகைகளில் ஆங்கிலம் இருக்கிறது, நிலையங்களுக்கு எண் வேறு போட்டிருக்கிறார்கள், எந்த நடைமேடை என்பது வரை கூகுள் மேப் சொல்லிவிடுகிறது. நான் யோசித்தே பார்க்காத விஷயங்கள்தான் படுத்தி எடுத்தன.

முதலில் சாப்பாடு. அம்மா சுத்த சைவம், முட்டை கூடத் தொடமாட்டார். டோஃபு (சோயாவில் செய்யும் பன்னீர் மாதிரி) புழங்கும் ஊர், சோறும் காயும் கிடைக்காமலா போகும் என்று அசட்டையாக இருந்துவிட்டேன். முதல் நாள் மத்தியானம் டோக்கியோவில் உயெனோ பக்கம் ஒரு கடையில் மீசோ என்ற சோயா விழுதைக் கரைத்த சூப் வந்தது. அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "நம்ம ரசத்துக்குத் தம்பி மாதிரி இருக்குடா" என்று கிண்ணத்தைக் காலி செய்தார். ராத்திரி அறைக்கு வந்து தேடிப் படித்த பிறகுதான் தெரிந்தது, அந்த சூப்பின் அடிப்படையே தாஷி என்ற சாறு, அதைப் பெரும்பாலும் காய்ந்த சூரை மீனைச் சீவிப்போட்டுத்தான் எடுக்கிறார்கள். நம் மாசிக்கருவாட்டுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடோன் நூடுல்ஸ் மிதக்கும் சாறு, நம் பஜ்ஜி மாதிரியான டெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளத் தருவது, வேகவைத்த காய் என்று எங்கே திரும்பினாலும் அதுதான். அம்மாவிடம் இன்று வரை சொல்லவில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

"வெஜிடேரியன்" என்று சொல்வதால் பெரிய பிரயோஜனம் இல்லை. தட்டில் கறித்துண்டு கண்ணில் படாவிட்டால் சைவம் என்றே பல கடைகளில் நினைக்கிறார்கள். மறுநாள் விடுதி வரவேற்பில் இருந்த பெண்ணிடம் ஒரு அட்டையில் ஜப்பானிய மொழியில் எழுதி வாங்கினேன்: இறைச்சி, மீன், முட்டை வேண்டாம், மீன் தாஷியும் வேண்டாம். கியோத்தோவில் ஒரு சின்ன உடோன் கடையில் அதை நீட்டினேன். வயதான சமையல்காரர் நெற்றியில் ஏற்றியிருந்த கண்ணாடியை இறக்கி இரண்டு தரம் படித்தார், உள்ளே போய் ஒரு பாட்டிலை எடுத்துவந்து அதன் பின்பக்கத்தையும் படித்தார், அப்புறம் இரண்டு முன்கைகளையும் மார்புக்கு முன்னால் பெருக்கல் குறி மாதிரி வைத்துக் காட்டினார். முடியாது என்பதற்கு அங்கே அதுதான் சைகை. சரி என்று எழுந்தோம், மனிதர் விடவில்லை. வெறும் சோறு, குளிர்ந்த டோஃபு, ஊறவைத்த முள்ளங்கி, கொஞ்சம் எள் என்று கொண்டுவந்து வைத்தார். நான் தடுப்பதற்குள் அம்மா கைப்பையிலிருந்து பருப்புப்பொடியை எடுத்துத் தூவியாகிவிட்டது. கிழவர் ஒரு விரலால் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார், நல்ல வார்த்தையாகத்தான் இருக்கும்.

அதற்குப் பிறகு ராத்திரிச் சாப்பாட்டுக்கு நாங்கள் கடை தேடவே இல்லை. தெருவுக்குத் தெரு இருக்கும் 24 மணி நேரக் கடைகளில் சமைத்த சோறு டப்பாவில் விற்கிறது, சூடு பண்ணிக்கொண்டால் போதும். சர்க்கரை போடாத தயிர் 400 கிராம் டப்பாவில் கிடைக்கும், ஊரிலிருந்து எடுத்துப்போன ஊறுகாய் இருக்கிறது. கியோத்தோவில் தயிர்சாதம், முடிந்தது கதை.

இப்போது மஞ்சப்பை விவகாரம். கியோத்தோவிலிருந்து ஒசாகாவுக்கு ஷின்-காய்சொக்கு என்ற வேக ரயிலில் அரை மணி நேரம்தான். ஏதோ ஒரு கல்யாணத்தில் தந்த மஞ்சப்பையை அப்பா தலைக்கு மேல் தட்டில் வைத்தார். இறங்கினோம், கதவு மூடியது, ரயில் நகர்ந்தது, அப்புறம்தான் அப்பா தன் வெறுங்கையைப் பார்த்தார். உள்ளே முறுக்கு, பிபி மாத்திரை, மூன்று பேருடைய பாஸ்போர்ட். வெளிநாட்டுப் பயணிகள் அங்கே பாஸ்போர்ட்டை எப்போதும் உடன் வைத்திருக்கவேண்டும் என்பது சட்டம். அதைப் பையில் போட்டு அப்பாவிடம் கொடுத்த புத்திசாலி நான்தான்.

நிலைய ஊழியர் சின்னப் பையன். பையில் என்ன இருந்தது என்று அவர் முதலில் கேட்கவில்லை. எந்த ரயில், எத்தனை மணிக்கு இறங்கினீர்கள், எந்தப் பெட்டி? பெட்டி எண் எங்களுக்கு எப்படித் தெரியும்? எங்களை மறுபடி நடைமேடைக்கே கூட்டிப்போய், இறங்கின இடத்தில் நிற்கச் சொல்லி, அங்கே எழுதியிருந்த எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். கதவு எங்கே வந்து நிற்கும் என்பதை அங்கே நடைமேடையிலேயே குறித்திருக்கிறார்கள், ரயிலும் அதே இடத்தில்தான் நிற்கிறது. காகிதத்தில் ஒரு பை வரைந்து என்ன நிறம் என்று கேட்டார். பார்வையற்றவர்களுக்காகப் பதித்த மஞ்சள் ஓடுகளை அப்பா காலால் தட்டிக் காட்டினார் (1967-ல் ஒகயாமாவில் முதன்முதலாகப் பதித்தது அது, இப்போது நம் மெட்ரோவிலும் இருக்கிறது). அது கல்யாணப் பை என்று செயலியில் சொன்னேன், அது எப்படி மொழிபெயர்த்ததோ, பையன் அப்பாவுக்குக் குனிந்து வாழ்த்துச் சொன்னார். அம்மா சிரித்ததில் பாதிப் பதற்றம் போய்விட்டது.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ரயில் கடைசியாகப் போய் நின்ற ஹிமேஜியில் பை பத்திரமாக இருக்கிறது என்று தகவல். வாங்கப் போன இடத்தில் அடையாள அட்டை கேட்டார்கள், அதுதான் பைக்குள் இருக்கிறதே! பிறந்த தேதியும் பையில் இருந்த சாமான் பட்டியலும் எழுதித் தரச் சொல்லி, ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். முறுக்கு ஒன்று கூட உடையவில்லை. வந்தது வந்தோம் என்று ஹிமேஜிக் கோட்டையையும் பார்த்தோம், எங்கள் திட்டத்திலேயே இல்லாத இடம், பயணத்தில் எனக்கு மிகப் பிடித்தது அதுதான்.

நிஷி-கசாய் வாசி:

டோக்கியோவில் நம்மாட்கள் அதிகம் இருக்கும் பேட்டையில் ஆறு வருடமாக இருக்கிறேன். ஊரிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு பெரிய பெட்டி. டோக்கியோ-ஒசாகா ஷிங்கான்சென்னில் (புல்லட் ரயில்) நீளம் அகலம் உயரம் மூன்றும் சேர்த்து 160 செ.மீ. தாண்டினால் பெட்டிக்கு இடம் உள்ள இருக்கையை முன்பதிவு செய்யவேண்டும். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை, ஆனால் செய்யாமல் ஏறினால் 1,000 யென். அதைவிட விடுதியிலேயே சொல்லி தக்யூபின் என்ற கூரியரில் அனுப்பிவிடுங்கள், அடுத்த ஊர் விடுதிக்குப் பெரும்பாலும் மறுநாளே போய்விடும். முழங்கால் வலி உள்ளவர்களோடு நிலையப் படிகளில் பெட்டியைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

இன்னொன்று மருந்து. சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் இருக்கும் சளி மருந்துக்கு இங்கே தடை, கோடீன் கலந்த இருமல் மருந்துக்கும் கெடுபிடி அதிகம். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை ஒரு மாதத்துக்கு மேல் தேவை என்றால் வருவதற்கு முன்பே அனுமதிச் சீட்டு வாங்கவேண்டும். மருந்துச் சீட்டை எடுத்து வாருங்கள்.

மதுரைக்காரன்:

எல்லாம் சரி, ரயில் பாஸ் எடுக்கலாமா வேண்டாமா? சுற்றுலா ஏற்பாட்டாளர் ஒருவர் எங்கள் தலையில் ஏழு நாள் பாஸைக் கட்டிவிட்டார், நாங்கள் போனதோ டோக்கியோ, கியோத்தோ, மறுபடி டோக்கியோ.

ஊர்சுற்றி:

உங்களுக்கு நஷ்டம்தான். முன்பு 29,650 யென்னாக இருந்ததை 2023 அக்டோபரில் 50,000 ஆக்கிவிட்டார்கள். டோக்கியோ-கியோத்தோ ஒரு வழிக்குச் சுமார் 14,000தான், போய்வர 28,000. போதாக்குறைக்கு நோசோமி என்ற அதிவேக ஷிங்கான்சென்னில் ஏற பாஸ் இருந்தாலும் தனியாகப் பணம் கட்டவேண்டும். ஹிரோஷிமா, அதற்கும் அப்பால் என்று ஒரே வாரத்தில் ஓடுகிறவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்து வாங்கலாம்.

மதுரைக்காரன்:

போகட்டும். என் பங்குக்கு ஒன்று சொல்கிறேன், குப்பைத்தொட்டி! 1995-ல் டோக்கியோ சுரங்க ரயிலில் நச்சுவாயுத் தாக்குதல் நடந்த பிறகு பொது இடங்களில் இருந்த தொட்டிகளை எடுத்துவிட்டார்களாமே. என் வீட்டம்மா ஒரு வாழைப்பழத் தோலைக் காலையிலிருந்து சாயங்காலம் வரை கைப்பையில் சுமந்தாள், அந்தப் பை இன்னும் மணக்கிறது. ஒரு காலிப் பிளாஸ்டிக் பை எப்போதும் கூட இருக்கட்டும்.

கோவைப் பொண்ணு:

அண்ணா, தயிர்சாதத்துக்குக் கடைச் சோறு எதற்கு? சின்ன ரைஸ் குக்கர் எடுத்துப்போனால் ஆகாதா? மே மாதம் மாமியாரோடு போகிறோம்.

ஊர்சுற்றி:

எங்கள் அம்மாவும் இதையேதான் சொன்னார், சொன்னதோடு நிற்காமல் எடுத்தும் வந்தார்! அங்கே மின்சாரம் 100 வோல்ட்தான், பிளக்கும் இரண்டு தட்டைப் பின். நம் குண்டுப் பின்னுக்கு அடாப்டர் போட்டு மாட்டினோம், விளக்கு மங்கலாக எரிந்தது. ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் அரிசி இட்லிக்கு அரைக்கிற பதத்தில் ஊறியிருந்தது. ஃபோன் சார்ஜர், லேப்டாப் சார்ஜர் எல்லாம் வேலை செய்யும், சூடாக்குகிற சாமான்தான் ஆகாது. அங்கிருந்து குக்கர் வாங்கி வருவதாக இருந்தாலும் 220 வோல்ட்டுக்கு என்று தனியாகச் செய்ததா என்று பார்த்து வாங்குங்கள். எங்கள் சித்தி கேட்டார் என்று அப்பா பார்க்காமல் ஒன்று வாங்கிவந்திருக்கிறார், சித்தி வீட்டுக்கு இன்னும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை.