பத்தாம் வகுப்போடு முடிகிற பள்ளியில் படித்தவர்கள் எழுதுங்கள்

விழுப்புரம் பக்கத்திலிருந்து ஒருவர்

எங்கள் அரசு உயர்நிலைப்பள்ளியில் ஆறு முதல் பத்து வரைதான். வகுப்புக்கு ஒரே பிரிவு. பிளஸ் டூ அண்ணன்கள், அக்காக்கள் யாரும் கிடையாது. அதனால் பதினைந்து வயதிலேயே நாங்கள்தான் பள்ளிக்கு மூத்தவர்கள். தொங்கவிட்ட தண்டவாளத் துண்டில் மணி அடிப்பது, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைச் சத்துணவுக்கு வரிசையில் நிறுத்துவது, ஜூலை 15 கல்வி வளர்ச்சி நாளன்று காமராசர் படத்துக்கு மாலை கட்டுவது, எல்லாமே பத்தாம் வகுப்பின் பொறுப்பு.

இவற்றில் பெரிய கௌரவம் கொடி கட்டுவதுதான். சுதந்திர தினத்துக்கு முன்பே உடற்கல்வி ஆசிரியர் இரண்டு பேரைப் பொறுக்கிப் பழக்குவார். கொடியை நீளவாக்கில் மடித்து, நடுவில் ரோஜா இதழும் செவ்வந்தியும் வைத்துச் சுருட்ட வேண்டும். பிறகு கயிற்றால் சுற்றி உருவு முடிச்சு. இறுகிப்போனால் தலைமையாசிரியர் எவ்வளவு இழுத்தாலும் கொடி விரியாது. தளர்ந்தால் மேலே ஏறும்போதே பூவெல்லாம் கொட்டிவிடும். ஒரே சுண்டலில் கொடி விரிந்து, பூ தலையில் உதிர்ந்தபோது ஊரே கைதட்டியது. பிற்பாடு எத்தனையோ மேடை ஏறியிருக்கிறேன். அந்தக் கைதட்டலின் மகிழ்ச்சி வேறு எதிலும் கிடைத்ததில்லை.

கரூர் மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி

மேலே எழுதிய அண்ணனுக்குக் கொடி என்றால், எனக்குக் காலை வழிபாட்டுக் கூட்டம். ‘நீராருங் கடலுடுத்த’ பாட நான்கு பெண்கள், குறளும் பொருளும் சொல்ல ஒருவர், செய்தி வாசிக்க நான். நாளிதழ் ஆசிரியர் அறைக்கு வந்ததும் ஐந்து செய்திகளைத் துண்டுத்தாளில் எழுதிக்கொள்வேன். ஒலிபெருக்கி இல்லை. “கடைசியில் நிற்கிற ஆறாம் வகுப்புப் பையன் காதில் விழுகிற மாதிரி வாசி அம்மா” என்பார் தமிழ் ஐயா. இன்று நான் ஆசிரியை. வகுப்பில் வாய் திறக்கும்போதெல்லாம் அந்தக் கடைசி வரிசைக்குத்தான் பேசுகிறேன்.

ஆனால் நான் எழுத நினைத்தது பிரிவு உபசார விழாவைப் பற்றி. ஒன்பதாம் வகுப்பு காசு சேர்த்து எங்களுக்குக் கேசரியும் மிக்சரும் கொடுக்கும். பத்தாம் வகுப்பு பள்ளிக்கு ஏதாவது அன்பளிப்பு கொடுத்துவிட்டுப் போகும். நாங்கள் சுவர்க்கடிகாரம் வாங்கி, அடியில் ஆண்டைப் பெயின்டால் எழுதினோம். அன்று நாங்கள் அழுததைப் பார்த்து, பத்தாம் வகுப்புக்கே இவ்வளவா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். சிலர் பஸ் ஏறி நகரத்து மேல்நிலைப்பள்ளிக்குப் போவார்கள், சிலர் ஐடிஐ, சிலர் பாலிடெக்னிக். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழி திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனாள். அவளுடைய படிப்புக்கு அதுதான் கடைசி விழா. அதைச் சாதாரணமாக நினைக்க என்னால் முடியவில்லை.

ஓய்வுபெற்ற ஒருவர்

எங்கள் காலத்தில் உயர்நிலைப்பள்ளி பதினொன்று வரை. எஸ்.எஸ்.எல்.சி. என்றால் பதினோராம் வகுப்புதான்; அதன்பின் கல்லூரியில் பியுசி என்ற புகுமுக வகுப்பு. 1978-இல் மேல்நிலைக் கல்வி வந்த பிறகே இந்தப் பத்தாம் வகுப்புக் கணக்கு. ஆனாலும் கடைசி வகுப்புப் பையனைக் கீழ்வகுப்புப் பிள்ளைகள் அண்ணாந்து பார்க்கிற பார்வை அன்றும் அதேதான்.

மறுபடியும் விழுப்புரத்துக்காரர்

சகோதரி எழுதியதைப் படித்துவிட்டு எங்கள் வகுப்பு நண்பர்களைத் தொலைபேசியில் அழைத்தேன். எங்கள் பள்ளி இப்போது மேல்நிலைப்பள்ளியாகத் தரம் உயர்ந்துவிட்டது. ஊர்ப் பெண்கள் பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் பிளஸ் டூ முடிக்கிறார்கள். இதைவிட நல்ல செய்தி இல்லை. ஆனால் பத்தாம் வகுப்புப் பிரிவு விழா நின்றுவிட்டதாம். பாதிப் பேர் அங்கேயே பதினொன்றில் சேர்கிறார்களே, எதற்கு விழா என்று விட்டுவிட்டார்களாம். மீதிப் பாதி? அந்த விழாவை மறுபடி நடத்தும்படி தலைமையாசிரியரிடம் கேட்கப் போகிறோம். கேசரிச் செலவு எங்களுடையது.