திருத்திய டேர்போ எஞ்சினை மலைப் பாதையில் எப்படிப் பழக்குவது?

கேள்வி (ஹட்டன்)
வணக்கம். என்னிடம் 660 சிசி பெற்றோல் டேர்போ கார் ஒன்று உள்ளது, மெனுவல் கியர். சிலிண்டர்களை ஹோன் செய்து (உட்சுவரில் நுண்ணிய கோடுகள் கீறி), பிஸ்டன் ரிங்ஸ், பெயாரிங் எல்லாம் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். முதல் நாள் இரண்டு மணித்தியாலம் ஓடாமல் ஸ்டார்ட்டில் வைத்துவிட்டு, 1000 கிலோமீற்றர் வரை மிக மெதுவாகவே ஓட்ட வேண்டும் என்று மெக்கானிக் பாஸ் சொல்கிறார். என் வீட்டு வாசலிலிருந்தே ஏற்றம் தொடங்குவதால், இது எப்படிச் சாத்தியம் என்று விளங்கவில்லை.

பதில் (தலவாக்கலை)
அந்த இரண்டு மணித்தியாலத்தைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். ரிங்கைச் சிலிண்டர் சுவரோடு இறுக்கி அழுத்துவது அதன் சொந்த விறைப்பைவிட, அதன் பின்புறம் புகும், சிலிண்டருக்குள் எரிந்த வாயுவின் அழுத்தமே. சும்மா ஓடும் எஞ்சினில் அந்த அழுத்தம் போதாது. ஹோன் கோடுகளின் மேல் ஒயில் கருகிக் கண்ணாடிபோல் படிந்துவிட்டால், பிறகு எத்தனை ஆயிரம் கிலோமீற்றர் ஓடினாலும் ஒயில் குடிப்பது நிற்காது.

ஒயில் அழுத்தம், கசிவு, தண்ணீர் மூன்றையும் பார்த்து, எஞ்சின் சூடானதும் பாதைக்கு இறங்குங்கள். கொட்டகலை வழியாக இங்கு வரும் பாதையின் ஏற்ற இறக்கம் இந்த வேலைக்கென்றே அமைந்ததுபோல் இருக்கும். மூன்றாம் கியரில், நிமிடத்துக்கு 2000 முதல் 4000 சுற்றுக்குள், பாதி அக்சிலரேற்றரில் ஏறுங்கள். இறக்கத்தில் கியரைக் கழற்றாமல் காலை எடுத்துவிடுங்கள். அப்போது சிலிண்டருக்குள் உண்டாகும் உறிஞ்சல் ரிங்ஸ் பக்கமாக ஒயிலை இழுத்து, தேய்ந்த உலோகத் தூளைக் கழுவும். மேல் கியரில் எஞ்சின் திணறும்படி மட்டும் ஏறாதீர்கள். முதலில் மினரல் ஒயிலே போதும்; 50 கிலோமீற்றரில் ஒரு தடவையும் 500இல் ஒரு தடவையும் பில்டருடன் மாற்றுங்கள்.

பதில் (பண்டாரவளை)
மேலே சொன்னது சரி. ஆனால் டேர்போவை மறந்துவிட வேண்டாம். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் அதன் தண்டு, மெல்லிய ஒயில் படலத்தின் மேல்தான் நிற்கிறது. ஆகவே முதல் ஸ்டார்ட்டுக்கு முன் டேர்போவின் ஒயில் துவாரத்தில் சுத்தமான ஒயிலை ஊற்றி, பிளக்குகளைக் கழற்றி, பெற்றோலை நிறுத்தி, ஒயில் விளக்கு அணையும் வரை எஞ்சினைச் சுழற்றச் சொல்லுங்கள். என் வாகனத்தில் அளவுக்கு மிஞ்சிப் பூசிய சிலிக்கன் பசை பிய்ந்து ஒயில் குழாயை அடைத்து, இரண்டே கிழமையில் டேர்போ போய்விட்டது. அந்த நட்டம் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. நுவரெலியாப் பக்கம் காற்று ஐதாக இருப்பதால், அதே பூஸ்டுக்கு (எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தத்துக்கு) டேர்போ இன்னும் வேகமாகச் சுழல வேண்டியிருக்கும். எனவே 500 கிலோமீற்றர் வரை முழு பூஸ்டைத் தொடாதீர்கள். ஏறி முடித்ததும் ஒரு நிமிடமாவது ஸ்டார்ட்டில் விட்டு நிறுத்துங்கள்.

கேள்வி கேட்டவர்
இருவருக்கும் மிக்க நன்றி. இன்று 50 கிலோமீற்றர் முடிந்ததும் ஒயிலை வெள்ளைப் பேசினில் இறக்கினேன். வெயிலில் பிடித்துப் பார்த்தால் வெள்ளித் தூள் மினுங்குகிறது. பயப்பட வேண்டுமா?

பதில் (தலவாக்கலை)
இரு விரலால் தேய்த்துப் பாருங்கள். பென்சில் கரிபோல் வழுக்கினால் அது ரிங்ஸ் படியும்போது வரும் தூள்தான். நகத்தில் தட்டுப்படும் சீவலோ, செப்பு நிறத் துணுக்கோ இருந்தால், மறுபடி ஸ்டார்ட் செய்யாமல் சம்பைக் (அடியிலுள்ள ஒயில் தட்டைக்) கழற்றிப் பெயாரிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.